கெட்டிமேளம் என்றொரு ராகம்

முப்பத்துநாலு வயது வரைக்கும் கெட்டிமேளம் என்பது ஒரு ராகத்தின் பெயர் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா மனதுக்குள் நம்பியிருந்தாலும் பரவாயில்லை. வெள்ளவத்தையில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில், சங்கீதம் படிப்பித்தே தலை நரைத்த ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே அதை வாய்விட்டுச் சொன்னேன். அதுவும் 'எனக்கு நல்லா வரும்' என்ற உறுதிமொழியோடு.

என் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். கிழமை நாட்களில் துறைமுகத்தில் கிளாக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்ட் குழுவில் கிளாரினெட். எங்கள் பகுதியில் திருநாளுக்கு மாதாவின் சுருவம் தூக்கினாலும், வீட்டிலிருந்து சவப்பெட்டி தூக்கினாலும், முன்னால் ஊதிக்கொண்டு போவது நாங்கள்தான். சைவக் கலியாணங்களுக்குப் போகாதவன் அல்ல. வேலை செய்யும் கந்தோரில் யார் அழைத்தாலும் போவேன். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் நான் மணவறைப் பக்கம் நின்றதே கிடையாது. முதல் பந்திக்கு இடம் பிடிப்பதற்குச் சாப்பாட்டு மண்டபத்தின் வாசலில் நின்றிருப்பேன். சுவருக்கு அப்பாலிருந்து 'கெட்டிமேளம்! கெட்டிமேளம்!' என்று யாரோ கத்துவது கேட்கும். உடனே தவிலும் நாதஸ்வரமும் பொங்கி எழும். வானொலியில் நேயர் விருப்பம் கேட்பதுபோல ஒரு ராகத்தைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், அவர்களும் மறுக்காமல் வாசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். சைவர்கள் எல்லாருக்கும் ஒரே ராகத்தில் இவ்வளவு பிரியமா என்று வியந்ததும் உண்டு.

சண்டையால் வடக்குக்கான பாதை பூட்டிக் கிடந்த ஆண்டுகள் அவை. செட்டியார் தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் தவில்காரரைச் சந்தித்தேன். அவருக்கும் என் வயதுதான். கோவில் திருவிழா ஒன்றுக்கு வாசிக்க மைத்துனரோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். திருவிழா முடிந்ததும் மைத்துனர் நாதஸ்வரத்தைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார். இவர் தவிலுக்குத் தோல் மாற்றவேண்டும் என்று ஒரு நாள் தங்கினார். மறுநாள் பாதை பூட்டப்பட்டது. குழல் அங்கே, மேளம் இங்கே. குழல் இல்லாத தவிலைக் கலியாணத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? ஒரு வெங்காய மண்டியில் மூட்டைகளுக்குக் கணக்குத் துண்டு எழுதும் வேலையில் இருந்தார்.

சோறு வருவதற்குள் அவருடைய விரல்கள் மேசையில் ஓடிக்கொண்டிருந்தன. எதிரே இருந்த நான் சும்மா இருக்கலாமா? தண்ணீர்க் கோப்பையைக் கரண்டியால் தட்டி இடையில் புகுந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐசே, நீர் என்ன வாசிக்கிறனீர்?"

"கிளாரினெட்."

"அதுவும் ஊதிற சாமான்தானே?"

"ஓம்."

"அப்ப சாப்பிட்டிட்டு வாரும்."

இப்படித்தான் எங்கள் கோஷ்டி பிறந்தது.

பழகுவதற்கு இடம் வேண்டியிருந்தது. என் வீட்டில் தவிலை ஒருமுறை அடித்ததற்கே கூரை ஓட்டிலிருந்து புழுதி கொட்டியது. பக்கத்து வீட்டார் குண்டென்று நினைத்துக் கட்டிலுக்கடியில் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் அது சிரிக்கிற விஷயமல்ல. ஆகவே ஞாயிறு பின்னேரங்களில், பூட்டிய வெங்காய மண்டிக்குள் இருந்து பழகினோம். சுற்றிவரக் கூரை வரைக்கும் மூட்டை. சத்தம் வெளியே போகாது. அவர் பாடிக்காட்டுவார், நான் ஊதுவேன். மோகனம், கல்யாணி, ஆனந்தபைரவி. மோகனத்திலேயே எங்கள் இருவருக்கும் கண்ணீர் ஓடும். பாதி வெங்காயம், மற்றப் பாதி நான்.

என் குழலில் உள்ள சிக்கல் இதுதான். நாதஸ்வரத்தில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெய் வழிவதுபோல இறங்கலாம். கிளாரினெட்டில் சாவி இருக்கிறது, மூடி இருக்கிறது. சுரங்கள் படிக்கட்டுப் போலத் தனித்தனியாக நிற்கும். உதட்டை நெளித்தும், துளையைப் பாதி மூடியும் வழுக்கப் பழகவேண்டும். இன்னொரு குறையும் இருந்தது. பயந்தால் என் தாடை இறுகும். தாடை இறுகினால் குழல் திடீரென்று மேலே பாய்ந்து, ஆட்டுக்குட்டியின் வாலை மிதித்ததுபோல ஒரு கீச்சு விடும். அந்தக் கீச்சுக்காகவே பாண்ட் மாஸ்டர் என்னைக் கடைசி வரிசையில், பெரிய டிரம்முக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்.

தவில்காரர் மறுபடி என் வீட்டுக்கு வந்தது ஒரு தேவைக்காகத்தான். வலது கை விரல்களுக்குக் கூடு செய்ய வேண்டும். துணிக்கீற்றை மாப்பசையில் தோய்த்து, விரலில் சுற்றிக் காயவைப்பது. காய்ந்தால் கல்லுப்போல இருக்கும். என் மனைவியின் கோதுமை மாவில் ஒரு கிண்ணம் போனது.

"எட்டு மாசம் அக்கா, கூடு கட்டி," என்றார் அவர், விரல்களை விரித்துக் காயவைத்தபடி. "விரல் மெத்தெண்டு போச்சு. இன்னும் ஒரு வருசம் போனா நான் வெங்காயக்காரன்தான்."

அவர் போனபிறகு மனைவி என்னிடம் சொன்னாள்: "அந்த மனுசன் உங்களை நம்பிக் கூடு கட்டுது. பகிடி விட்டுக் கெடுத்துப் போடாதீங்கோ."

பகிடி விட்டதோடு நான் நிற்கவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன்.

வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை கனடாவிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்திருக்கிறார். லீவுக்குள் இருந்தது ஒரே ஒரு முகூர்த்த நாள். கொழும்பிலிருந்த மேளக்காரர் எல்லாரும் அன்றைக்கு எங்கேயோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பெண்ணின் தகப்பன் மண்டிக்கு வெங்காயம் வாங்க வந்த இடத்தில் எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, வீட்டுக்கு வரச் சொன்னார்.

போனோம். கடற்கரைப் பக்கம் போகும் ஒரு ஒழுங்கையில், ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி நடுங்குகிற வீடு. தகப்பன் எங்களை உட்காரச் சொன்னார். ஆனால் தீர்ப்புச் சொல்பவர் அவரல்ல; மூலையில் சாய்மனைக் கதிரையில் இருந்த அவருடைய தமையன். ஓய்வுபெற்ற சங்கீத வாத்தியார். பெண்ணுக்குப் பெரியப்பா என்பதால் ஊரே அவரைப் பெரியப்பா என்றது. மடியில் ஒரு கறுப்புக் குடை. மழைக்கல்ல, பிழைக்கு. பிழையான சுரம் காதில் விழுந்தால் குடை நுனியால் தரையில் ஒரு தட்டு.

நான் பெட்டியைத் திறந்தேன்.

"தம்பி, இது என்ன?"

"கிளாரினெட் ஐயா."

"அது தெரியுது. இதை இஞ்ச ஏன் கொண்டந்தனீர்? இது செத்தவீட்டுக் குழலல்லோ?"

"செத்தவீட்டில நான் ஆருக்கு வாசிச்சனோ, அவையள் ஒருத்தரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லை ஐயா."

தகப்பன் சிரித்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. குடையை நிமிர்த்தினார். "வாசியும்."

மோகனம் வாசித்தேன். ஐந்து தட்டு. கல்யாணியில் நான்கு. ஆனந்தபைரவியில் குடை நிற்கவே இல்லை. கீழ் மாடியிலிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

"கமகம் இல்லை," என்றார் பெரியப்பா. "படியில பந்து உருளுற மாதிரிக் கிடக்கு. வேற என்ன ராகம் பாடம்?"

மூன்றோடு நிறுத்தினால் மரியாதை இல்லை என்று என் மனம் சொன்னது. மனம் என்று நினைத்துக்கொண்டு நான் வளர்த்தது வெறும் வீம்பைத்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கெட்டிமேளம் ஐயா. அது எனக்கு நல்லா வரும். எந்தச் சுருதியில வேணும்?"

குடை பாதி வழியில் நின்றது. ஒரு ரயில் போனது. அலுமாரிக் கண்ணாடி நடுங்கி முடிந்தது. தவில்காரர் தன் விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

பெரியப்பா என்னைப் பார்த்துப் பேசவில்லை. பெண்ணின் தகப்பனான தன் தம்பியைப் பார்த்துப் பேசினார். "கெட்டிமேளத்தை ராகம் எண்டு சொல்லுறவனை வைச்சுப் பிள்ளைக்குத் தாலி கட்டேலாது. என்னட்டக் கசெட் இருக்கு. முதல் தரமான நாயனம். சுத்தமான கமகம். அதைப் போடுவம்."

தகப்பன் கெஞ்சியதில் ஒரு சமரசம் வந்தது. விருந்தினர் வரும்போதும், பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து வரும்போதும் நாங்கள் வாசிக்கலாம். ஆனால் தாலி கட்டும்போது கசெட். அந்த நேரம் குழலும் தவிலும் வாய் திறக்கக் கூடாது.

திரும்பும் பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி வரைக்கும் தவில்காரர் விரல் கூடுகளைத் துணியில் முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பிறகு யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஐசே, கெட்டிமேளத்தின்ர ஆரோகணத்தை ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

நான் தலையைக் குனிந்தேன். அவருக்குச் சிரிப்பு வெடித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றைக்கு வெங்காயமும் இல்லை. பிறகு விளக்கினார். தாலி முடிகிற நேரத்தில் சபையில் யாரும் தும்மக்கூடாது, அழக்கூடாது, கெட்ட சொல் ஒன்றும் காதில் விழக்கூடாது. அப்படி எதுவும் கேட்காதபடி எல்லா வாத்தியமும் ஒன்றாகப் பொங்கி மூடுவதுதான் கெட்டிமேளம். ராகமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அப்ப சத்தம் போட்டாச் சரியோ?"

"சத்தம்தான். ஆனா ஐசே..." சிரிப்பு நின்றுவிட்டது. "சபையில இருக்கிற சனம் என்ன நினைக்கும் சொல்லும். தாலி கட்டேக்க தவில்காரன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவன், இவன்ர தவில் ராசியில்லை எண்டு சொல்லும். அதுக்குப் பிறகு என்னை ஆர் கூப்பிடுவினம்? வெங்காயம்தான்."

அன்று வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். மனைவி காரணம் கேட்டாள், சொன்னேன். "உங்களுக்கு வாய் இருக்கிறது ஊதுறதுக்கு மட்டும் எண்டு கடவுள் எழுதி ஒட்டி விட்டிருக்கலாம்," என்றாள்.

கலியாண நாள் வந்தது. பாண்ட் உடுப்பின் தோல் வாரால் வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டு அனுப்பினாள் மனைவி. கொம்பனித்தெருப் பக்கம் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை பார்த்த ஆமிக்காரன் என் பெட்டியைத் திறந்தான். ஐந்து துண்டாகக் கழற்றி வைத்த கறுப்புக் குழாய். அவன் முகம் மாறியது.

"மே மொகக்த?"

இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறான். வாயால் சொல்லி விளங்கப்படுத்துவது ஆபத்து என்று துண்டுகளை ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினேன். அது இன்னும் ஆபத்தாகத் தெரிந்தது போலும். "பிம்பின்ன பலன்ன," என்றான். ஊது பார்ப்போம்.

ஒரு பைலா ஆட்ட மெட்டை எடுத்துவிட்டேன். இரண்டாவது அடியிலேயே அவனுடைய சப்பாத்து தாளம் போட ஆரம்பித்தது. "ஹரி, யன்ன," என்று சிரித்துக்கொண்டே கையைக் காட்டினான். போகலாமாம். அன்றைய முதல் இரசிகன் தோளில் துவக்கோடு நின்றவன். ஆனாலும் குடையோடு இருந்தவரைவிட அவன் எவ்வளவோ மேல்.

மண்டபத்தில் வேலை நன்றாகவே போனது. விருந்தினர் வரும்போது மோகனம். ஒரே ஒரு தட்டு. மாப்பிள்ளை வரும்போது கல்யாணி, இரண்டு. பெரியப்பா எங்களுக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டிருந்தார். முன்னால் ஒரு முக்காலியில் கசெட் ரேடியோ. அதிலிருந்து அம்பிளிஃபயருக்கு வயர். ஒரு விரல் கறுப்புப் பொத்தானின்மேல். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் பொத்தானைப் பார்த்தார்.

முகூர்த்தம் நெருங்கியது. ஐயர் தாலித் தட்டைச் சபைக்கு அனுப்பித் திரும்ப வாங்கினார். ஓமத்தில் நெய் விழுந்தது. தவில்காரர் கழியை மடியில் கிடத்தி, கூடு கட்டிய விரல்களைத் தோளில் கிடந்த துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார். நான் வேறு எங்கேயோ பார்த்தேன்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்து எழுந்தார். ஐயர் கையை உயர்த்தினார். பெரியப்பா பொத்தானை அமுக்கினார். அற்புதமான கெட்டிமேளம்! உண்மையைச் சொல்லவேண்டும், அந்தக் கமகத்தில் ஒரு மாசு இல்லை. மூன்று விநாடி அப்படிப் பொங்கியது. பிறகு கரன்ட் போனது.

அந்த ஆண்டு மழை இல்லாமல் மின்சார அணைகள் வற்றி, கொழும்பு முழுதும் வேளை கெட்ட வேளையில் கரன்ட் போகும். நாதஸ்வரம் மெல்ல மெல்லச் சுருதி இறங்கி, சுகமில்லாத எருமை மாதிரி ஒரு முனகலோடு அடங்கியது. விசிறிகள் நின்றன. பின்பக்கம் யாரோ ஜெனரேட்டரின் கயிற்றை இழுக்கும் சத்தம், இழுக்கும் சத்தம், திரும்பவும் இழுக்கும் சத்தம். மாப்பிள்ளை தாலியோடு நின்றார். கனடாவில் இதற்குப் பயிற்சி கொடுப்பதில்லை. அவர் ஐயரைப் பார்த்தார். ஐயர் பெரியப்பாவைப் பார்த்தார்.

விசிறி நின்றதால் ஓமப்புகைக்குப் போக்கிடம் இல்லை. அது நேராக எங்கள் பக்கம் வந்தது. பெரியப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. மூக்கு விரிந்தது. புருவம் நெற்றிக்குப் போனது. "ஆ..." என்றார். அடக்கப் பார்த்தார். "ஆ... ஆ..."

அவருடைய சொந்தப் பெறாமகளுக்கு, தம்பி பெற்ற பிள்ளைக்குத் தாலி ஏறுகிற நேரம். குண்டூசி விழுந்தாலும் கேட்கிற அமைதி. அவருடைய கண்களில் நான் கண்டது வெறும் பயம். கை தன்னையறியாமல் எழும்பியது. அந்தக் கையில் குடை.

குடை மேலே போனால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் குழலை வாயில் வைத்தேன். பயத்தில் தாடை இறுகியது. வந்தது பாருங்கள் கீச்சு! பாண்ட் மாஸ்டர் பன்னிரண்டு வருடம் டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்த அதே கீச்சு, மேல் ஸாவுக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது. இறங்கச் சொன்னாலும் இறங்காது. அடுத்த கணம் தவில் வெடித்தது. எட்டு மாதம் மேசையிலும் மூட்டையிலும் தட்டிய விரல்கள் அத்தனையையும் ஒரே தரத்தில் தோலில் கொட்டின. முன் வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்தின. மண்டபத்தின் யன்னல்கள் அதிர்ந்தன. நானும் அதிர்ந்தேன், என் வேட்டியும் அதிர்ந்தது, மனைவி கட்டிவிட்ட தோல் வார் காப்பாற்றியது.

பெரியப்பா தும்மினார். ஒன்றல்ல, மூன்று. சால்வை பறந்தது. மூக்குக்கண்ணாடி நாடிக்கு வந்தது. ஒரு முழத் தூரத்தில் இருந்த எனக்கே அது கேட்கவில்லை. கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான். அங்கே ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு. முடிச்சுக்கொரு தும்மல். அட்சதை மழையாகக் கொட்டியது.

அந்தக் கொட்டலின் நடுவே கரன்ட் வந்தது. கசெட் ஒரு முனகல் முனகி, எழும்பி, தன் பங்குக்குச் சேர்ந்துகொள்ளப் பார்த்தது. பெரியப்பா கண்ணாடியைச் சரிசெய்தார். குனிந்தார். தன் கையாலேயே அதை நிறுத்தினார். பிறகு தொடையில் தாளம் போடத் தொடங்கினார். தவில்காரர் அதைப் பார்த்தார். பார்த்ததும் இன்னொரு ஆவர்த்தனம் கூட அடித்தார். தவில்காரரின் முகம் அன்றைக்கு மலர்ந்ததைப்போல நான் பிறகு பார்த்ததில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, கை கழுவும் இடத்தில், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவர் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டார். தவில்காரர் குழாயடியில் நின்றார். தண்ணீரைத் திறக்க மறந்துவிட்டார்.

"உந்தக் குழலும் தவிலும் எப்பிடி மாஸ்டர்? எங்கட வீட்டுக்கும் சொல்லலாமோ?"

பெரியப்பா துவாயால் நிதானமாக ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "கமகம் போதாது. மோகனத்தில ஒரு இடம் வழுக்கினது, கல்யாணியில ரெண்டு. தவில் சோக்கான தவில்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா மேல் ஸா நிண்டது. உப்பிடி நிண்டு நான் கேட்டதில்லை. பயப்பிடாமச் சொல்லுங்கோ."

தவில்காரர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

அந்த ஆவணியில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் போனது. கல்கிசை வரைக்கும் கூப்பிட்டார்கள். மண்டியில் துண்டு எழுத வேறு ஆள் வந்தான். 'செத்தவீட்டுக் குழல்' என்று சொன்ன வேறு சிலரும் இருந்தார்கள். எல்லாருக்கும் பெரியப்பாவே மெச்சிய மேல் ஸாவைத் தூக்கிக் காட்டினோம். பாண்ட் மாஸ்டரிடமும் சொன்னேன். அவர் நம்பவில்லை, என்னை டிரம்முக்குப் பின்னால் இருந்து எடுக்கவும் இல்லை.

அதெல்லாம் பிறகு. அன்று புறப்படும்போது சொல்லிக்கொண்டு போகப் பெரியப்பாவிடம் போனேன். கசெட் ரேடியோவின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். குடை கையிடுக்கில். பேசாமல் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். தவில்காரர் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார்.

"ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். நீங்கள் குடையைத் தூக்கினது கெட்டிமேளத்துக்கோ, இல்லாட்டித் தும்மலுக்கோ?"

பெரியப்பா வயரைச் சுற்றி முடித்தார். அக்கம் பக்கம் பார்த்தார்.

"வாயைப் பொத்திக்கொண்டு ஊதும், தம்பி."